ரூட் கெனால் பண்ணின பல்லு திரும்ப வீங்குதா? வேர் நுனி ஆபரேஷன் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ரூட் கெனால் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே கேள்விதான். ரூட் கெனால் பண்ணியாச்சு, கேப்பும் போட்டாச்சு, இப்ப திரும்ப ஈறு வீங்குது, வேர் நுனியில ஆபரேஷன்னு டாக்டர் சொல்றாரு, பண்ணலாமா இல்ல பிடுங்கிடலாமான்னு. காரைக்குடியில இருபது வருஷமா நான் அதிகமா பார்க்கற வேலையே இதுதாங்கறதால இந்த இதழை முழுசா இதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்கும் ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

தேவகோட்டை வாசகி: டாக்டர், எனக்கு 41 வயசு. சின்னப் பிள்ளையில முகப்பு திண்ணையில இருந்து விழுந்து மேல் முன்பல்லுல அடி. பல்லு கருத்துப் போய் ஆறு வருஷம் முன்னாடி ரூட் கெனால் பண்ணி கேப் போட்டேன். இப்ப ஒரு வருஷமா அந்தப் பல்லுக்கு மேல ஈறுல மூக்குத்தி சைஸுக்கு ஒரு கொப்புளம், வரும், உடையும், உப்பா ஏதோ வரும், அப்புறம் அமுங்கிடும். வலியே இல்ல. மாத்திரை சாப்பிட்டா பத்து நாள் காணாமப் போகுது. டாக்டர் ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டணும்ங்கறார். வலியே இல்லாததுக்கு எதுக்கு ஆபரேஷன்? பேசாம பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வச்சுக்கலாமா?

ஆச்சி, வலி இல்லாததுதான் இதுல ஏமாத்தற விஷயம். சீழ் வெளிய போக அந்தக் கொப்புளம் ஒரு வழி போட்டுக் குடுத்திருக்கு, அதான் உள்ள அழுத்தம் சேரல, வலியும் இல்ல. ஆனா உள்ள எலும்பு கரைஞ்சுட்டே இருக்கு. மாத்திரை ஏன் நிரந்தரமா கேக்கலன்னா, மாத்திரை ரத்தத்துல போகுது, கிருமி இருக்கறது ரத்த ஓட்டமே இல்லாத செத்த வேருக்குள்ள. அடுப்பு எரிஞ்சுட்டே இருக்கும்போது ஜன்னலைத் திறந்து புகையை விரட்டற மாதிரி பத்து நாள் தெளியும், திரும்ப வரும். அதுக்காக மாசாமாசம் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீங்க, தயவுசெஞ்சு.

மொதல்ல ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. அந்தக் கொப்புளத்தோட வாய் வழியா கட்டபர்ச்சான்னு ரூட் கெனால் அடைக்கற ரப்பர் குச்சி, ஊசி மாதிரி மெல்லிசா இருக்கும், அதை மெதுவா உள்ள விட்டு எக்ஸ்ரே எடுத்தா அது எந்த வேர்கிட்ட போய் நிக்குதுன்னு படத்துல வெள்ளைக் கோடா தெரிஞ்சிடும். ரெண்டு நிமிஷ வேலை. கொப்புளத்துக்கு நேர் கீழ இருக்கற பல்லுதான் குத்தவாளின்னு நெனைச்சு நல்ல பல்லைத் திறந்த கேஸும் இருக்கு, உண்மையான சீழ் பக்கத்துப் பல்லுல இருந்து வந்திருக்கும்.

அடுத்தது, ரூட் கெனால் ஏன் தோத்துச்சு? இந்தக் கேள்விக்கு பதில் இல்லாம யாரும் உங்க ஈறைத் திறக்க விடாதீங்க. உள்ள அடைச்சது கட்டையா நின்னுடுச்சா, வேருக்குள்ள ஓடற ஒரு கால்வாயைத் தொடவே இல்லையா, கேப் ஓரமா எச்சில் கசியுதா, அப்படின்னா ஆபரேஷனுக்கு முன்னாடி ரூட் கெனாலையே திரும்ப சுத்தமா பண்றதுதான் முறை. கேப் பக்கத்துல இருந்து சரி பண்ண முடியாத நிலைமையிலதான் நாங்க வேர் நுனிப் பக்கத்துல இருந்து போறோம். கேப்புக்குள்ள நீளமா கம்பி வச்சிருக்காங்க, அதைப் பிடுங்கினா வேரே பிளந்துடும்னா. கால்வாயைச் சுத்தம் பண்ற ஃபைல்ங்கற மெல்லிசு கம்பி உள்ள உடைஞ்சு நுனியில சிக்கியிருந்தா. அடைச்ச பொருள் வேருக்கு வெளிய தள்ளிக்கிட்டு நின்னா. உங்களை மாதிரி சின்ன வயசுல அடிபட்ட பல்லுல நுனி சரியா மூடாம அகலமா இருந்து கசிஞ்சாலும் இதே கதை. இல்ல மறு ரூட் கெனாலும் பண்ணியும் எலும்பு ஆறல, நுனியில சிஸ்ட், அதாவது நீர்க்கட்டி, கட்டியிருக்குன்னு சந்தேகம்னா. இதுக்கெல்லாம்தான் இந்த ஆபரேஷன்.

ஆபரேஷன்ல என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன், தெரிஞ்சா பயம் பாதி கொறையும். முழு மயக்கம் எல்லாம் கிடையாது, பல்லு பிடுங்கப் போடற அதே மரத்துப்போற ஊசிதான், ஆனா அதுல இருக்கற அட்ரினலின் வேலை செஞ்சு ஈறு வெளிறிப் போற வரைக்கும் பதினஞ்சு நிமிஷமாவது பொறுமையா காத்திருப்போம், ஏன்னா ரத்தம் வந்துட்டே இருந்தா நுனி தெரியாது, நுனி தெரியலன்னா நாங்க பண்றது வெறும் குருட்டு வேலை. ஈறை ஒரு மூடி மாதிரி தூக்கி, எலும்புல 4, 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு ஜன்னல் திறந்து, கெட்ட சதையை வழிச்சு எடுத்து அதை லேபுக்கு அனுப்புவோம். அப்புறம் வேர் நுனியில 3 மில்லிமீட்டர் வெட்டி எடுக்கறது. ஏன் 3? வேர்ல இருந்து பிரியற குட்டிக் கிளைகள் எல்லாம் அந்தக் கடைசித் துண்டுலதான் அடர்த்தி, 3 மில்லிமீட்டர் எடுத்தா நுனிக் கிளைகள்ல 98 சதவீதமும் பக்கவாட்டுக் கால்வாய்கள்ல 93 சதவீதமும் அதோட போயிடும்னு அளந்து வச்சிருக்காங்க. வெட்டின துண்டை நான் காஸ் துணியில வச்சு பேஷன்ட் கிட்ட காட்டுவேன், ஒரு உடைச்ச அரிசி அளவுதான், இதுக்கா இவ்வளவு நாள் இந்தப் பாடுன்னு எல்லாரும் ஒரே மாதிரி கேப்பாங்க.

ஆனா நிறைய பேர் நெனைக்கற மாதிரி சீழை வழிச்சு நுனியை வெட்டினதோட வேலை முடியறதில்ல. முடிஞ்சுடுச்சுன்னு அங்கயே நிறுத்தினவங்க கேஸ்தான் திரும்ப வருது. வெட்டின முகத்துல நீல மை, மெத்திலீன் ப்ளூ, ஒரு சொட்டு தடவி கழுவிட்டு மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, கசியற எடம் மட்டும் நீலமா நிக்கும். சில சமயம் ரெண்டு கால்வாய்க்கு நடுவுல முடி மாதிரி ஒரு நீலக் கோடு ஓடும், அதுதான் இத்தனை வருஷம் சீழ் விட்ட வழி. கோடு வேர் விளிம்பு வரைக்கும் ஓடி வேரோட பக்கவாட்டுலயும் நீண்டா அது விரிசல், அந்தப் பல்லைக் காப்பாத்த முடியாது, அங்கயே நிறுத்திடணும். விரிசல் இல்லன்னா அல்ட்ராசானிக் முனையால வெட்டின முகத்துல இருந்து கேப் பக்கமா நேரா 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, சுத்தம் பண்ணி, மருந்து சிமெண்டை வச்சு அடைச்சு, ஈறைப் பொருத்தித் தையல் போடறோம். அந்த அடைப்புதான் மொத்த ஆபரேஷனுக்கும் உயிர்.

பழைய முறையில மைக்ரோஸ்கோப் இல்ல, பார்க்க வசதியா இருக்கணும்னு நுனியை 45 டிகிரி சாய்ச்சு வெட்டுவாங்க, சாய்ச்சு வெட்டினா வேரோட நுண்குழாய்கள் நிறைய வாயைத் திறந்துக்கும், உள் பக்கம் இருக்கற இன்னொரு கால்வாய் கண்ணுல படாமலே போயிடும். இப்ப கிட்டத்தட்ட நேரா வெட்டறோம். 2010-ல வெளியான ஒரு தொகுப்பாய்வுல பழைய முறைக்கு வெற்றி 59 சதவீதம், மைக்ரோஸ்கோப், அல்ட்ராசானிக், புது சிமெண்ட் எல்லாம் சேர்ந்த முறைக்கு 94 சதவீதம்னு வந்துச்சு. அதனால "ஆபரேஷன் பண்ணுவீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "மைக்ரோஸ்கோப் வச்சுப் பண்ணுவீங்களா, நுனியை எதால அடைப்பீங்க"ன்னு கேளுங்க. கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல.

இம்ப்ளான்ட் நல்ல வைத்தியம்தான், நானும் வைக்கறேன். ஆனா முன்பல்லுல பிடுங்கினா ஈறும் எலும்பும் உள்வாங்கறதைத் தடுக்கறது கஷ்டம், சிரிச்சா தெரியற எடம். உங்க வேர்ல விரிசல் இல்ல, சுத்தி எலும்பு கெட்டியா இருக்குன்னா சொந்தப் பல்லுக்கு ஒரு வாய்ப்பு குடுங்க ஆச்சி. நீங்க அனுப்பின எக்ஸ்ரே ஃபோட்டோ மங்கலா இருக்கு, சிபிசிடின்னு சொல்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துட்டு முடிவு பண்ணுங்க.

கானாடுகாத்தான் வாசகர்: அம்மா, நான் கொத்து வேலை பார்த்து ஓய்ஞ்சவன். எங்க ஊரு பெரிய வீடுகள்ல முட்டைப் பூச்சு, அதான் முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ரிப்பேர் வேலையெல்லாம் பார்த்திருக்கேன். மருமகளுக்கு பல்லு வேர்ல ஆபரேஷன் பண்ணி சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கோம்னு டாக்டர் சொன்னாராம். நான் நம்பல. வாய்க்குள்ள ஈரத்துலயும் ரத்தத்துலயும் சிமெண்ட் எப்படி நிக்கும்? நாங்க பூசற சிமெண்ட்தானா அது?

ஐயா, இருபது வருஷத்துல எனக்கு வந்த கேள்விகள்லயே நல்ல கேள்வி இது. நம்புங்க, சிமெண்ட்தான். உங்க மூட்டைச் சிமெண்டுக்கு சொந்தக்காரன்.

அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல லோமா லிண்டா பல்கலைக்கழகத்துல மஹ்மூத் தொராபிநெஜாத்னு ஒரு பேராசிரியர், அவரும் அவரோட குழுவும் 1993-ல இந்தப் பொருளைப் பத்தி மொதல்ல எழுதினாங்க. எம்டிஏன்னு பேர். சேர்மானம் பார்த்தா நாலுல மூணு பங்கு போர்ட்லேண்ட் சிமெண்ட், அஞ்சுல ஒரு பங்கு பிஸ்மத் ஆக்சைடு, மிச்சம் கொஞ்சம் ஜிப்சம். பிஸ்மத் எதுக்குன்னா எக்ஸ்ரேல வெள்ளையாத் தெரியணும்ல, அதுக்கு. 1998-ல அமெரிக்க அரசு அனுமதி குடுத்துச்சு. அதுக்காக கடையில விக்கற சிமெண்டை யாரும் வாய்ல வைக்கக் கூடாது, அதுல ஆர்சனிக் மாதிரி உலோகங்கள் இருக்கலாம், பொடியோட நைஸும் ஒரே மாதிரி இருக்காது. மருந்துக்குன்னு தனியா சுத்தம் பண்ணி, அளந்து, கிருமி இல்லாம செய்யறது இது.

ஈரத்துல எப்படி நிக்கும்னு கேட்டீங்க பாருங்க, அதுலதான் இதோட பெருமையே. நீங்க பூசின சுண்ணாம்பு காத்தைக் குடிச்சு இறுகும், அதான் ஒவ்வொரு கோட்டுக்கும் நாள்கணக்குல காத்திருப்பீங்க. சிமெண்ட் தண்ணியைக் குடிச்சு இறுகும், அதான் தளம் போட்டா தண்ணி கட்டி வைப்பீங்க. அதுக்கு முன்னாடி பல்லுக்கு வச்ச பொருள் எல்லாம் ஈரம் பட்டா கெட்டுச்சு, ஆனா வேர் நுனியில எலும்புக்குழிக்குள்ள எப்படி எவ்வளவு துடைச்சாலும் ஈரம் கசியும். எம்டிஏ அந்த ஈரத்தையே எடுத்துக்கிட்டு இறுகுது. நாங்க நோயாளியை வீட்டுக்கு அனுப்பினதுக்கு அப்புறமும் அது உள்ள கியூரிங் ஆகிட்டே இருக்கும்.

இன்னொண்ணு கேளுங்க. சிமெண்ட் தண்ணியைக் குடிச்சு இறுகும்போது உபரியா என்ன வரும்? நீத்த சுண்ணாம்பு, அதேதான். அதனால கலந்த கையோட அதோட பிஹெச், அதாவது காரத்தன்மை அளவு, 10.2, மூணு மணி நேரத்துல 12.5 ஆயிடும், அந்தக் காரத்துல கிருமி பொழைக்கறது கஷ்டம். அந்தச் சுண்ணாம்புல இருக்கற கால்சியம் நம்ம உடம்பு நீர்ல இருக்கற பாஸ்பேட்டோட சேர்ந்து, எலும்புல இருக்கற அதே கனிமமா அடைப்பு மேல படியுது. அது மேல உடம்பு தன்னோட சொந்த சிமெண்டம், அதாவது வேரைச் சுத்தி இயற்கையா இருக்கற படலம், அதைத் திரும்ப வளக்குது. வெளிப்பொருள்னு ஒதுக்காம உடம்பு தன் மேல பூசிக்கிட்ட ஒரு அடைப்பு. இதை ஆராய்ச்சி மைக்ரோஸ்கோப் படத்துல மொதமொதல்ல பார்த்தப்ப எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி நாங்க வச்சதெல்லாம் உடம்பு பொறுத்துக்கிட்டா போதும்னு வச்சதுதான்.

குறையும் சொல்லணும். கலந்தா ஈர ஆத்து மணல் மாதிரி இருக்கும், கரணையில நிக்காத கலவை எப்படி, அப்படி. சின்ன அச்சுப்பலகையில வரிவரியா நெரப்பி, ஒரு துளி கருவியில எடுத்து வச்சு அமுக்கணும், கை பழக வருஷம் ஆகும். இறுக ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகும், அதுக்குள்ள சலைனைப் பீய்ச்சிக் கழுவினா வச்சது கரைஞ்சு ஓடிடும். பிஸ்மத்தால பல்லு நிறம் மாறவும் செய்யும். அதனாலதான் பின்னாடி பயோடென்டின்னு ஒண்ணு வந்துச்சு, அதுல பிஸ்மத்துக்குப் பதிலா ஜிர்கோனியம், 12 நிமிஷத்துல இறுகிடும். இப்ப பயோசெராமிக் புட்டின்னு டப்பாவுலயே பிசைஞ்சு வர்றது இருக்கு, கொழுக்கட்டை மாவு மாதிரி உருட்டி அப்படியே குழிக்குள்ள தள்ளிடலாம், நான் இப்ப அதிகமா பயன்படுத்தறது அதுதான். மூணுமே ஒரே குடும்பம், கால்சியம் சிலிகேட். எது வச்சாங்கங்கறதைவிட எவ்வளவு காய்ஞ்ச, சுத்தமான, ஆழமான குழியில வச்சாங்கங்கறதுதான் முக்கியம், இது உங்களுக்குத் தெரியாததா, செவரைச் சொரண்டிக் கழுவாம பூசினா எந்தப் பூச்சு நிக்கும்.

காரைக்குடி வாசகி: இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே ஆபரேஷன் வெளியூர்ல பண்ணினது. பல்லு இன்னும் நிக்குது, ஆனா ஈறுல மை கொட்டின மாதிரி சாம்பல் கறை. கேன்சரா இருக்குமோன்னு ராத்திரி தூக்கம் வரல.

அந்தக் காலத்துல நுனியை அமால்கம்னு சொல்ற வெள்ளிக் கலவையாலதான் அடைப்பாங்க. நானும் படிச்சு வந்த புதுசுல அதைத்தான் வச்சேன். அதோட துகள் ஈறுல சிக்கிக்கிட்டா இந்தக் கறை வரும், அமால்கம் டாட்டூன்னே பேர், பச்சை குத்தின மாதிரிதான், அது கேன்சர் இல்ல. ஆனா கண்ணால பார்த்து மட்டும் முடிவு பண்ணாம ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, நுனியில வெள்ளைப் புள்ளியும் பக்கத்துல துகளும் தெரிஞ்சா நிம்மதி. கறை பெருசாகுது, மேடா இருக்கு, இல்ல எக்ஸ்ரேல துகளே தெரியலன்னா கட்டாயம் சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணிடணும்.

பல்லு ஆடல, சீழ் இல்ல, எலும்பு நல்லா இருக்குன்னா இருபது வருஷம் நின்னதை எடுக்காதீங்க. அமால்கம் ஏன் விட்டோம்னா அது ஈரத்துல அரிக்கும், ஓரத்துல கசியும், உடம்பு அது மேல எதையும் வளக்காது. என்கிட்டயே பழைய அமால்கம் அடைப்பு தோத்து வந்தவங்களுக்குத் திறந்து பார்த்தப்ப, அடைப்பு குழியை விட்டு நழுவி எலும்புக்குள்ள கெடந்ததைப் பார்த்திருக்கேன், அதுல ஒண்ணு நானே வச்சது. அந்தம்மாகிட்ட அதைச் சொல்லி, பணம் வாங்காம திரும்பப் பண்ணிக் குடுத்தேன்.

கோட்டையூர் வாசகர்: எங்க அப்பச்சிக்கு 68 வயசு. ஸ்டென்ட் வச்சு ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறார், சுகரும் இருக்கு. கீழ்வாய்ல நடுப்பக்கத்துப் பல்லுக்கு இந்த ஆபரேஷன் சொல்றாங்க. மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்தச் சொல்லி தெரிஞ்சவர் சொல்றார், நிறுத்தலாமா?

தெரிஞ்சவர் சொல்லி ஸ்டென்ட் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க. பல்லுல ரத்தம் வந்தா கட்டி, தையல் போட்டு நிறுத்தற வழி எங்ககிட்ட இருக்கு, ஸ்டென்ட் அடைச்சா நடக்கறதுக்கு எங்ககிட்ட வழி கிடையாது. இதய டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் மாத்தணும், பெரும்பாலும் மாத்திரையோடவே பண்ணச் சொல்லுவாங்க. ஸ்டென்ட் வச்சு எவ்வளவு மாசம் ஆச்சுங்கறதை மறக்காம எங்ககிட்ட சொல்லணும், புதுசா வச்சதுன்னா அவசரம் இல்லாத ஆபரேஷனைத் தள்ளி வைக்கறதுதான் நல்லது.

சுகருக்கு காலையில பார்த்த ஒரு ரீடிங் போதாது, மூணு மாச சராசரி காட்டற ஹெச்பிஏ1சி ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க. இன்னொரு கேள்வி நாங்க கேக்காமப் போனாலும் நீங்களே சொல்லிடணும், எலும்பு தேய்மானத்துக்கோ கேன்சருக்கோ எலும்பு பலப்படுத்தற ஊசி, மாத்திரை எதாவது போட்டிருக்காரா? அந்த மருந்து சிலது தாடை எலும்பை ஆற விடாது, அதுக்கு முடிவே வேற மாதிரி எடுக்கணும்.

கீழ்வாய் நடுப்பக்கம்னு சொன்னீங்க, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல இருக்கற பல்லுன்னா அங்க வேர் நுனிகிட்டதான் கீழுதட்டுக்குப் போற நரம்பு எலும்புல ஒரு துளை வழியா வெளிய வருது. நரம்புக்கு அடி பட்டா உதடும் தாடையும் மரத்துப் போய், காபி வழியறதுகூட தெரியாது. சிபிசிடி ஸ்கேன்ல அந்தத் துளைக்கும் வேருக்கும் எவ்வளவு தூரம்னு அளந்து உங்ககிட்ட படத்தைக் காட்டச் சொல்லுங்க. தூரம் கம்மின்னா பிடுங்கறது உட்பட மத்த வழிகளையும் வெளிப்படையா பேசணும், வயசான உடம்புல எல்லா பல்லையும் எப்படியாவது காப்பாத்தியே தீரணும்னு நான் சொல்ல மாட்டேன்.

திருப்பத்தூர் வாசகர்: நுனியை வெட்டின குழியில எலும்புப் பொடி வச்சு, என் ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்தி அதையும் வைக்கணும்ங்கறாங்க. பில் ஏறுது. தேவையா?

எல்லாருக்கும் தேவையில்ல. சுத்தி எலும்புச் செவர் இருந்து, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் திறந்த சின்னக் குழின்னா ரத்தம் கட்டி அதுவே மாசக்கணக்குல எலும்பா மாறிடும். சிஸ்ட் பெருசாகி முன்பக்கமும் அண்ணத்துப் பக்கமும் ரெண்டு செவருமே ஓட்டையாப் போயிருந்தா, சதை குழிக்குள்ள பூந்து எலும்பு வளர எடம் இல்லாமப் பண்ணிடும், அப்ப பொடியும் மேல ஒரு மெல்லிய தடுப்புப் படலமும் வைக்கறதுல அர்த்தம் இருக்கு. ரத்தத்தை மெஷின்ல சுத்தி எடுக்கறது பிஆர்எஃப், பிரான்ஸ்ல ஜோசஃப் ஷூக்ரூன்னு ஒரு டாக்டர் 2001-ல கொண்டுவந்தது. உங்க சொந்த ரத்தம், கெடுதல் இல்ல, வீக்கம் வலி குறைய உதவுது. ஸ்கேனைக் கையில வச்சுக்கிட்டு "எனக்கு எத்தனை செவர் போயிருக்கு"ன்னு கேளுங்க, பதில்லயே தெரிஞ்சிடும்.

சிங்கம்புணரி வாசகர்: கீழ் கடைவாய்ப் பல்லுக்கு வேர் நுனி ஆபரேஷன்னு சொல்லிட்டு, பல்லையே முழுசா பிடுங்கி, வெளிய வச்சு என்னமோ பண்ணி, திரும்ப அதே குழியில வச்சுட்டாங்க. ஏமாத்திட்டாங்களா டாக்டர்?

இல்ல தம்பி, அதுவும் முறைப்படியான வைத்தியம்தான். கீழ்க் கடைவாயில எலும்பு ரொம்ப தடிமன், நரம்புக் குழாயும் கிட்டயே ஓடும், வெளிய இருந்து ஜன்னல் திறந்து போறது ஆபத்து. அதனால பல்லை உடையாம, வேர் மேல இருக்கற சதைநார் கிழியாம மெதுவா எடுத்து, சலைன்ல நனைச்சுக்கிட்டே, நுனியை வெட்டி, குழி எடுத்து, அடைச்சு, திரும்ப வச்சிடறோம். கடியாரத்தைப் பார்த்துட்டே பண்ற வேலை அது, 15 நிமிஷத்துக்குள்ள பல்லு குழிக்குத் திரும்பணும், அந்த நார் காய்ஞ்சு செத்துடுச்சுன்னா பின்னாடி உடம்பு வேரையே அரிச்சுடும். ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட இதைச் சொல்லி, சம்மதம் வாங்கியிருக்கணும், அது நடக்கலங்கறது தப்புதான், அடுத்த விசிட்ல நேராவே கேளுங்க. ரெண்டு வாரம் அந்தப் பக்கம் மெல்லாதீங்க.

புதுவயல் வாசகி: ஈறு கொப்புளத்துக்கு வெத்தலைச் சுண்ணாம்பு வைக்கலாமா? எங்க அப்பத்தா வைக்கும்.

வேணவே வேணாம். மேல கொத்தனார் ஐயாவுக்குச் சொன்னதைப் படிச்சுட்டு யாரும் இதை ஆரம்பிச்சுடக் கூடாதுன்னுதான் இந்தக் கேள்வியை இங்கயே போட்டேன். நாங்களும் சுண்ணாம்பு வைக்கறோம், கால்சியம் ஹைட்ராக்சைடு, 1920-ல இருந்தே பல் வைத்தியத்துல இருக்கு, ஆனா அது வேருக்கு உள்ள. ஈறு மேல வச்சா சதை வெந்து புண்ணாயிடும்.

பள்ளத்தூர் வாசகர், சிங்கப்பூர்ல இருந்து: அப்பச்சி மணிவிழாவுக்கு ரெண்டு வாரம் ஊருக்கு வர்றேன். அதுக்குள்ள முடிச்சுட்டுத் திரும்பலாமா?

முடிக்கலாம், ஆனா வந்து எறங்கின மொத ரெண்டு மூணு நாள்ல பண்ணிடணும், விழாவுக்கு மொத நாள் வந்து நிக்கக் கூடாது. ரெண்டாவது மூணாவது நாள் கன்னம் வீங்கும், சில பேருக்கு கண்ணு கீழ வரைக்கும் நீலம் பூக்கும், அது பயப்பட வேண்டியதில்ல, ஆனா ஃபோட்டோவுல விழும். மெல்லிசு நூல் தையலை மூணு நாலு நாள்ல எடுத்திடுவோம். ஸ்கேனை அங்கயே எடுத்து முன்கூட்டியே அனுப்பிட்டா ஒரு விசிட் மிச்சம். திரும்பற பிளைட் நாளை மொதல்லயே சொல்லிடுங்க, மேல் கடைவாய்ப் பல்லுன்னா சைனஸ், அதாவது கன்னத்து எலும்புக்குள்ள இருக்கற காத்து அறை, திறக்க வாய்ப்பு இருக்கு, அப்படி ஆனா பறக்கறதைப் பத்தி தனியா பேசணும்.

கண்டனூர் வாசகி: ஆபரேஷன் போன வாரம் முடிஞ்சுது. எப்ப இருந்து முறுக்கு, சீப்புச் சீடை சாப்பிடலாம்? உள்ள ஆறிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

ஆச்சி, பண்டிகை வருதுன்னு புரியுது. மொத ரெண்டு நாள் பால் சோறு, இடியாப்பம், ஆறின கஞ்சின்னு ஓட்டுங்க. அப்புறம் ஒரு வாரம் கும்மாயம், வெள்ளைப் பணியாரம் மாதிரி மெத்துன்னு இருக்கறது தாராளமா. முறுக்கு, தேன்குழல், சீடை எல்லாம் ஒரு மாசம் போகட்டும், அதுக்கப்புறமும் அந்தப் பல்லால கடிச்சு உடைக்காம கையால உடைச்சு மத்த பக்கம் மெல்லுங்க. முன்பல்லுன்னா உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில தையலைப் பார்க்கற பழக்கம் எல்லாருக்கும் வரும், தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, அந்த இழுப்புலயே தையல் பிரிஞ்சு வந்தவங்க உண்டு. புகையிலை போடற பழக்கம் இருந்தா இந்த மாசமாவது விடணும், முழுசா விட்டுட்டா இன்னும் சந்தோஷம்.

ஆறினது வெளிய பார்த்துத் தெரியாது, ஈறு பத்து நாள்ல அழகா மூடிடும், எலும்பு மெதுவாத்தான் வரும். ஆறு மாசத்துல ஒரு எக்ஸ்ரே, ஒரு வருஷத்துல ஒண்ணு. படத்துல நுனியைச் சுத்தி இருக்கற கருப்பு வட்டம் ஓரத்துல இருந்து சுருங்கிட்டே வரணும். பல்லு நல்லாத்தானே இருக்குன்னு இந்த ரெண்டு எக்ஸ்ரேக்கு வராம விடறவங்கதான் அதிகம். வரும்போது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த பழைய ஃபிலிமையும் எடுத்துட்டு வாங்க, பீரோவுல ஃபைலுக்குள்ள இருக்கும், அதைப் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் வட்டம் சுருங்குதான்னு சொல்ல முடியும்.